அத்தை திருப்பிக் கொடுக்காத பெட்டி

என் அத்தை ஏதோ வாங்கியிருக்கிறாள் என்று யாராவது சொன்னால், "திருப்பிக் குடுத்தாச்சா?" என்பதுதான் எங்கள் வீட்டில் அடுத்த கேள்வி. மிக்ஸி வாங்கினால் நாலு நாள் சட்னி அரைத்துப் பார்ப்பாள். அதற்குள் அவளுக்கும் மிக்ஸிக்கும் ஏதோ மனஸ்தாபம் வந்துவிடும். சீலிங் ஃபேன், செருப்பு, கண்ணாடி, தையல் மிஷின், ஒரு தடவை கறவை மாடு என்று அவள் திருப்பாத பொருள் இல்லை. மாட்டைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டபோது விற்றவரே தைரியத்தைப் பாராட்டி மோர் கொடுத்து அனுப்பியதாகச் சொல்வாள். பெருமையாகத்தான் சொல்வாள்.

அவளுடைய வீட்டு மாடியில் ஓர் அறை முழுக்கக் காலி அட்டைப்பெட்டிகள். உள்ளே தெர்மாகோல், பாலித்தீன் உறை, உறையை முறுக்கிக் கட்டிய கம்பி எல்லாம் அப்படி அப்படியே இருக்கும். அட்டையில்லாமல் போனால் கடைக்காரன் வாங்க மாட்டான் என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே விளங்கிவிட்ட உண்மை. அந்த அறைக்குள் நின்றால் வீட்டிலிருக்கும் சாமான்கள் எல்லாம் ஏதோ விருந்துக்கு வந்தவை போலவும், எந்த நேரமும் கிளம்பிவிடும் போலவும் எனக்குத் தோன்றும்.

திருப்புவதற்கு அவள் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான். இளம்பிள்ளையில் அவளுக்கு வாடிக்கையான ஒரு புடவைக் கடை உண்டு. ஒரு முறை நானும் அவளுடைய மகளும் கூடப் போயிருந்தோம். அத்தை பாயில் உட்கார்ந்து, முந்தின வாரம் வாங்கிய புடவையைப் பிரித்துப் போட்டாள். கடைக்காரர் முந்தானை, உடல், கரை எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல என்னங்கக்கா கொறை?" என்று கேட்டார்.

"கொறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இங்க சிரிச்சுது. ஊட்டுக்குக் கொண்டுபோனதும் மூஞ்சி மாறிப் போச்சு."

கடைக்காரர் புடவையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். புடவைக்கு மூஞ்சி எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டிருந்தால் அத்தை காட்டியிருப்பாள். அவர் கேட்கவில்லை. வேலைக்காரப் பையனிடம் சோடா வாங்கிவரச் சொல்லிவிட்டு, புடவையை மடிக்க ஆரம்பித்தார். அத்தை மகள் இதையெல்லாம் அம்மாவுக்குத் தெரியாமல் போனில் படம் பிடித்துவிட்டாள். அந்த வீடியோவைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் எங்கள் சொந்தத்தில் இல்லை. அத்தைக்கு மட்டும் அது பிடிக்காது. தன் குரல் அதில் தகரம் மாதிரி இருக்கிறதாம்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் இதேதான். சேந்தமங்கலத்துப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. படித்த பையன், தோட்டம், கார், எல்லாம் பொருந்தி, நிச்சயத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. நாலு நாள் கழித்து அத்தையே ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நாள் குறிக்க வந்தபோது, காபி குடித்து முடித்த அந்தப் பையன் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, எடுத்துக்கொண்டு போகும்படி தன் அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினானாம். அத்தை அதைப் பார்த்துவிட்டிருக்கிறாள். ஊரே பேசியது. மகள் மட்டும் அன்றைக்கு ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

சொந்தத்தில் ஒரு கேலி இருந்தது. அத்தை திருப்பிக் கொடுக்காதது கழுத்துத் தாலி ஒன்றைத்தான் என்பார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அத்தையும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. சிரித்துக்கொண்டே எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

வீட்டில் இருக்கும்போது உட்காரவே மாட்டாள் என்பதையும் சொல்லவேண்டும். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் தோட்டத்தின் நடுவே மாமா ரிக் வண்டியில் சம்பாதித்த காசில் கட்டிய பெரிய வீடு. மகள் கல்யாணமாகிப் பெங்களூர் போனபிறகு அதில் அத்தை ஒருத்திதான். எனக்குப் போன் செய்தாளென்றால், பேச்சினூடே முதலில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும், பிறகு நாய், பிறகு மோட்டார் சுவிட்ச், பிறகு கேட் திறக்கும் ஓசை. பேசி முடிப்பதற்குள் தோட்டத்தை ஒரு சுற்று வந்திருப்பாள். கேட்கிற எனக்கே கால் வலிக்கும்.

மாமாவுக்கு ரிக் வண்டி. போர் போடும் வண்டியை எடுத்துக்கொண்டு ஒடிசா, சத்தீஸ்கர் என்று போனால் மழைக்காலத்தில்தான் வீடு. போர் போடும் சீசனும் கல்யாண சீசனும் ஒரே வெயிலில் வருவதால், வீட்டில் நடந்த நல்ல காரியம் ஒன்றிலும் மாமா இருந்ததில்லை. போனில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்தபிறகு ஒரு வழக்கம் ஏற்பட்டது. விசேஷ வீட்டில் யாராவது ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். அதில் மாமா, பின்னால் கம்ப்ரசர் இரைச்சலோடு, தலையில் துண்டுடன் தெரிவார். அந்த வீடியோக்களை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும், கூட்டத்துக்கு நடுவே உயர்ந்து நிற்கும் அந்தக் கையைக் காணலாம். மகள் கழுத்தில் தாலி ஏறும்போது அட்சதை போட்டவர்களில் பாதிப் பேர் அந்தப் போன் மீதும் கொஞ்சம் தூவினார்கள்.

பிறகு ஒரு நாள், தூக்கும்போது பைப் நழுவி மாமாவின் முதுகில் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அத்தை ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் மாமா ஓரளவு நடக்க ஆரம்பித்ததும் அந்த வீட்டில் நடக்கிறவர்கள் இரண்டு பேராகிவிட்டார்கள். அவள் கிழக்கு வாசலில் இருந்தால் அவர் மேற்கே இருப்பார். எதிரெதிரே உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பேச எதுவும் இல்லை. முப்பது வருஷமாகத் தள்ளியே இருந்து பழகிவிட்டார்கள். நான் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா தோட்டத்துப் பக்கம் போனதும் அத்தை என் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போன்ல பேசறப்ப நல்லாத்தான் இருந்தாரு சாமி. ஊட்டுக்கு வந்ததும் மூஞ்சி மாறிப் போச்சு" என்றாள்.

சிரித்தபடிதான் சொன்னாள்.

டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும், முதுகில் பட்டையைக் கட்டிக்கொண்டு மாமா மறுபடி வண்டிக்குக் கிளம்பிவிட்டார். அத்தைதான் பையில் துணி அடுக்கிக் கொடுத்தாள். அதன்பிறகு போனில் அவர் பேசுவது இன்னும் சுருங்கிப் போனது. சாப்பிட்டாயா, மழை வந்ததா, சரி வைக்கிறேன். அத்தை எதையாவது சொல்ல ஆரம்பித்தால் அந்தப் பக்கம் ஆள் கூப்பிடுவான்.

அப்போதுதான் அவளுக்கு, வீடியோக்களைச் சேர்த்துவைக்கும் இந்தப் பெட்டி யோசனை வந்தது. என்னிடம்தான் வந்தாள். நான் அப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் குடியிருப்பு. சொந்தத்தில் யாருடைய போன் நின்றாலும் ஓடினாலும் நான்தான் பொறுப்பு. அத்தை ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தாள். சீடி, பென் டிரைவ், பழைய மெமரி கார்டு, உடைந்த இரண்டு போன். மகளின் காதுகுத்து, சடங்குச் சீர், பள்ளிக்கூட ஆட்டம், கல்யாணம், கிணற்றில் தண்ணீர் நிறைந்த வருஷம், எல்லாம் அதற்குள் இருந்தன. இத்தனையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், வீட்டு டிவியில் ஓட வேண்டும், மாமா ஒடிசாக் காட்டில் உட்கார்ந்து போனில் தொட்டாலும் ஓட வேண்டும் என்றாள்.

"பேசத்தான் அந்த மனுசனுக்கு வாய் வரல. பார்க்கறதுக்குக் கண்ணு இருக்குதல்ல சாமி. நாங்க இங்க இருக்கறோம்னு ஒரு நெனப்பாவது இருக்குதான்னு எனக்குத் தெரியோணும்."

இதைக் கேட்டபிறகு முடியாது என்று எப்படிச் சொல்வது. ஆனால் வாங்கப்போகிறவள் என் அத்தை. அதை நினைத்தபோதே எனக்கு அலுப்பாக இருந்தது.

முதலில் சிக்கனமாக முடிக்கப் பார்த்தேன். ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்கை வாங்கி, வீட்டுக்கு இணையம் தரும் ரௌட்டரின் முதுகில் செருகிவிட்டேன். புது வீடியோக்கள் ஓடின. பழைய கேமராவில் எடுத்த காதுகுத்து ஓடவில்லை. அந்த வகைக் கோப்பு டிவிக்குப் புரியாது என்றேன். காதுகுத்து புரியாத பொருள் எதற்கு என்று கேட்டாள். அது திரும்பிப் போனது.

அடுத்தது ஒரே டிஸ்க்கோடு தயாராக வரும் பெட்டி. வெள்ளையாக, அழகாக, சத்தமில்லாமல் இருந்தது. வீட்டில் எல்லாம் ஓடியது. மாமாவுக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொன்னோம். அவர் இருந்த காட்டில் சிக்னல் இழை மாதிரி வந்துகொண்டிருந்தது. பெரிய வீடியோவை அந்த இழைக்கு ஏற்றபடி அப்போதைக்கப்போது சின்னதாக்கி அனுப்பும் சக்தி அந்தப் பெட்டிக்கு இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார். அத்தை அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்த பார்வையிலேயே அதன் ஆயுசு முடிந்துவிட்டது. போகிற போக்கில் இன்னொரு கேள்வியும் கேட்டாள். இந்த ஒரு டிஸ்க் நின்றுபோனால் காதுகுத்து எங்கே போகும்? உண்மையில் அதை நான்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

சேலத்தில் ஐந்து ரோட்டுப் பக்கம் இருந்த அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர். எங்களைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, தானும் உட்கார்ந்துகொண்டார். அத்தை உட்காரவில்லை. அலமாரிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே எது வேகம், எது எத்தனை நாள் உழைக்கும், கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் இரண்டு டிஸ்க் போடும் பெட்டியாக, படத்தைச் சின்னதாக்கி அனுப்பும் அளவு பலமுள்ளதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்றில் இருப்பது அப்படியே இன்னொன்றிலும் இருக்கும். ஒன்று நின்றாலும் மற்றது காப்பாற்றும். ஆனாலும் கேட்டாள், ஆகவில்லை என்றால் எத்தனை நாளைக்குள் கொண்டுவரலாம் என்று. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

விடுமுறை முழுக்க உட்கார்ந்து எல்லா வீடியோக்களையும் அதில் ஏற்றினேன். கையில் கிடைத்ததையெல்லாம் ஏற்றியதில் அந்தப் புடவைக் கடை வீடியோவும் உள்ளே போய்விட்டது. பார்ப்பவர்கள் பெயரில் இரண்டு பகுதி ஆரம்பித்தேன். ஒன்று 'அத்தை', இன்னொன்று 'மாமா'. அவரவர் விட்ட இடத்திலிருந்து அவரவர் பார்க்கலாம். மாமாவின் போனிலும் தூரத்திலிருந்தே எல்லாவற்றையும் சரிசெய்து, தொட்டால் ஓடுகிறது என்று அவர் வாயால் கேட்டபிறகே வீடு திரும்பினேன்.

பெட்டியின் முகப்பில் பச்சை விளக்கு உண்டு. டிஸ்க் ஓடும்போதெல்லாம் அது துடிக்கும். அத்தை தன் நடைக்கு நடுவே அதன் முன்னால் வந்து நிற்க ஆரம்பித்தாள். விளக்கு துடித்தால் மாமா பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்வாளோ என்று எனக்குக் கவலை. அது தானாகவும் துடிக்கும், பெட்டி தன் உள்வேலைகளைச் செய்யும்போதும் துடிக்கும் என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ரிக்காரன் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா, மோட்டார் ஓடினால் தண்ணீர் வருகிறது என்று அர்த்தமா என்று கேட்டாள். ஆனாலும் போய் நிற்பதை நிறுத்தவில்லை.

திருப்பும் கெடு முடிவதற்கு முந்தின நாள் போன் வந்தது. பின்னணியில் எந்தச் சத்தமும் இல்லை. குழாய் இல்லை, நாய் இல்லை. ஒரே இடத்தில் நின்று பேசினாள்.

"வந்து கழட்டிக் கட்டிரு சாமி. ஆகாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். போகும் வழியெல்லாம் அவளிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பெட்டிக்கு என்ன கேடு, யாருக்காக நான் இப்படி அலைகிறேன், மாட்டைத் திருப்பின மாதிரி எல்லாவற்றையும் திருப்பிவிட முடியுமா என்றெல்லாம். வீட்டுக்குள் நுழைந்தால் அட்டைப்பெட்டி ஏற்கெனவே கூடத்துக்கு வந்து, தெர்மாகோலோடு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. அத்தை சோபாவின் நுனியில் இருந்தாள். அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் நான் தயார்செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது.

என்ன குறை என்று கேட்டேன். பெட்டியில் ஒரு குறையும் இல்லை என்றாள். வீடியோ பார்த்தீர்களா என்று மாமாவிடம் கேட்டாளாம். பார்த்தேன் பார்த்தேன் என்றாராம். எது என்று கேட்டதற்கு எல்லாம்தான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம். பார்க்கிற ஆள் இல்லாமல் எதற்கு இது ராத்திரி பகல் கறகறவென்று ஓடவேண்டும் என்று கேட்டாள்.

திருப்புவதற்கு முன்னால் உள்ளே இருப்பதை அழிக்க வேண்டும். டிவியைப் போட்டேன். யார் பார்க்கிறீர்கள் என்று கேட்டது. 'மாமா' என்பதை அழுத்தினேன். அவருடைய பகுதியை அதுவரை நான் திறந்ததில்லை. ஒருவர் பார்ப்பதை இன்னொருவர் எட்டிப்பார்ப்பது சரியில்லை என்று ஒரு கூச்சம். திரையில் வரிசையாக வீடியோக்கள் வந்தன. எதுவரை பார்த்திருக்கிறார் என்பதற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கோடு ஓடும். காதுகுத்தின் அடியில் நகக்கண் அளவு கோடு. சீர், அதே அளவு. மகளின் கல்யாணம், தாலி கட்டும் இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. எல்லாவற்றையும் திறந்திருக்கிறார், எதிலும் நிற்கவில்லை.

கோடு என்றால் என்ன என்று அத்தை கேட்டாள். சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று அந்த நொடியே தோன்றியது. அவள் ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது. தூக்கிப் பிடித்த அந்தப் போனுக்குள் தன்னையே பார்க்க மனுஷனுக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ என்று நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவள் காதில் அது விழவில்லை. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்விட்டாள்.

"இது ஏன் இப்படி இருக்குது?"

வரிசையின் கடைசியில் ஒரு சின்ன வீடியோ. முழுக்கப் பார்த்து முடித்ததற்கான குறி அதன் மூலையில் இருந்தது. குறிக்குக் கீழே மறுபடி பாதிவரை ஒரு கோடு. பார்த்து முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். நான் அழுத்தினேன். அவர் விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது.

இளம்பிள்ளைக் கடை. பாயில் அத்தை. கடைக்காரர் கையில் புடவை. "இங்க சிரிச்சுது. ஊட்டுக்குக் கொண்டுபோனதும் மூஞ்சி மாறிப் போச்சு" என்று தகரக் குரலில் அத்தை சொல்கிறாள். போனைப் பிடித்திருந்த மகள் சிரிப்பை அடக்க முடியாமல் படம் ஆடுகிறது. சோடா வருகிறது. அத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இது சோடாவா தண்ணியா என்று கேட்கிறாள்.

வீடியோ முடியும்வரை அத்தை நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமலே உள்ளே போய்க் காபி வைத்தாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் ஒயரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். காபியோடு வந்தவள், அந்த அட்டைப்பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளி, அடைக்கு உட்கார இடம் தேடிக்கொண்டு ஒரு கோழி மூன்று நாளாகக் கத்துகிறது, வைக்கோல் போட்டு இதில் உட்கார வைத்துவிடலாம் என்றாள். அந்த வீட்டில் ஓர் அட்டைப்பெட்டி வேறு காரியத்துக்குப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த வாரம் என்னை இளம்பிள்ளைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழக்கத்தைவிட நேரமெடுத்து ஒரு புடவையைத் தேர்ந்தெடுத்தாள். மாந்தளிர் நிறம், அரக்குக் கரை. அவள் நிறத்துக்கு அது அப்படிப் பொருந்தியது. கடைக்காரரே, திரும்பி வராத புடவை ஒன்றை இன்றைக்குத்தான் விற்றேன் என்று சொல்லிச் சிரித்தார். வீட்டில் அதைக் கட்டில் மேல் விரித்துப் போட்டிருந்தாள். போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுப் பார்த்ததாக அவளே சொன்னாள். சில நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள். போனில் நல்லா சார்ஜ் ஏற்றிக்கொண்டு வா என்றாள்.

கடையில் நான் ஓரமாக நின்று படம் பிடித்தேன். அத்தை பாயில் உட்கார்ந்து மாந்தளிர்ப் புடவையைப் பிரித்துப் போட்டாள். கடைக்காரருக்கு உண்மையாகவே முகம் வாடிவிட்டது. இதில் என்ன குறை என்று கேட்டார். அத்தை கரையை ஒரு முறை தடவினாள். அப்புறம் என் போன் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, வேண்டுமென்றே உரக்கச் சொன்னாள், ஊட்டுக்குக் கொண்டுபோனதும் மூஞ்சி மாறிப் போச்சு என்று. சோடா வந்தது. அதையும் குறை சொன்னாள்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவள் கடை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல புடவை, மாமாவுக்குப் படம்தான் எடுத்தாகிவிட்டதே, போய் வாங்கி வந்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"மழைக்கு ஊட்டுக்கு வருவாரல்ல சாமி. பீரோவுல பார்த்தாருன்னா அவருக்குத் தெரிஞ்சு போயிரும்."